ஒரு தாள், ஒரு ஸ்கேல், ஒரு வால்வு

போன மாதம் ஆபீஸ் கேன்டீனில் நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்கு வந்து வால்வு ஆம்ப்ளிஃபையரில் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள் வைத்தது) நாலு பாட்டு கேட்டுவிட்டுப் போனதிலிருந்து அவருக்கும் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று அரிப்பு. "பதினேழு பிடிஎஃப் இறக்கி வெச்சிருக்கேன். எதுல ஆரம்பிக்கறது?" என்று போனை நீட்டினார். பட்டியலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் இருந்தது, எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் முதன்முதலாக இறக்கிய அதே புத்தகம்.

ரேடியோட்ரான் டிசைனர்ஸ் ஹேண்ட்புக். ஆஸ்திரேலியாவில் சிட்னியில் இருந்த ஒரு வால்வு கம்பெனிக்காக லாங்ஃபோர்ட்-ஸ்மித் என்பவர் தொகுத்தது. 1950களின் தொடக்கத்தில் வந்த நான்காம் பதிப்பு ஏறக்குறைய 1500 பக்கம். வால்வு காலத்தில் தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். யாரைக் கேட்டாலும் "அதுதான் வேதம்" என்பார்கள். சரி, வேதம் என்றால் முதலிலிருந்து ஓதத்தானே வேண்டும் என்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்று மாதம் போனது. சால்டரிங் அயர்ன் உறைக்குள்ளேயே இருந்தது. இரண்டு நோட்டு நிறைய குறிப்பு எழுதியிருந்தேன். ஒரு வால்வைக் கையில் பிடித்துப் பார்த்தது கிடையாது.

அந்தப் புத்தகம் ஏற்கெனவே வேலையில் இருக்கும் இன்ஜினியருக்காக எழுதப்பட்டது. தெரிந்ததை மறந்துபோனவர் புரட்டிப் பார்க்கும் புத்தகம் அது. எதையும் தெரியாதவன் அதில் நுழைவது, ஊர்ப்பெயர் தெரியாமல் ரயில்வே கால அட்டவணை படிப்பது மாதிரி. நண்பரிடம், "இதை மூடி வைங்க. அழிச்சுடாதீங்க, பின்னாடி வேணும்" என்றேன். மற்ற பதினாறையும் பற்றிச் சொல்ல ஒரு டீ போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் புத்தகத்தில் சேராத ஒரு பாடம். என் பெரியப்பா ஊரில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், கோவில் கொடை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய கூம்பு ஸ்பீக்கர்தான். ஆம்ப்ளிஃபையர் வால்வு செட். சுவிட்சைப் போட்டுவிட்டு, "இருங்கய்யா, வால்வு சூடாகட்டும்" என்று மேடையில் இருக்கும் தலைவரையே காத்திருக்க வைப்பார். பின்னாலுள்ள தகட்டைக் கழற்றினால் எங்களை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்வார். "ஆஃப் பண்ணினாலும் அதுக்குள்ள உசிரு இருக்கும்டா" என்பார். சின்ன வயதில் அதைப் பேய்க்கதை மாதிரி கேட்டுக்கொண்டோம். அவர் சொன்னது கண்டென்சரைப் பற்றி என்று பிற்பாடுதான் புரிந்தது.

சின்ன வால்வு ஆம்ப்ளிஃபையரிலும் 250, 300 வோல்ட் டிசி ஓடும். பவர் சப்ளை கண்டென்சர்கள் சுவிட்சை அணைத்த பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. நான் போட்டவை 47 மைக்ரோஃபாரட் கண்டென்சர்கள் இரண்டு. அவற்றுக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாகப் போட்டிருக்கிறேன். அணைத்த பிறகு மெதுவாக வடியவிடுவது அதன் வேலை. கணக்குப்படி ஒன்றே முக்கால் நிமிடத்தில் 2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை. அந்த ரெசிஸ்டரின் கால் ஒன்று சால்டர் விட்டுப்போயிருந்தால்? ஸ்க்ரூ டிரைவரை வைத்து "பட்" என்று ஷார்ட் செய்து காட்டும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து அந்த வீரம் வேண்டாம்.

உயிருள்ள சர்க்யூட்டில் அளக்கும்போது ஒரு கையைப் பேன்ட் பையில் போட்டுக்கொள் என்று எல்லா வெளிநாட்டுப் புத்தகமும் சொல்லும். மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கக் கூடாது, அதற்காக. ஞாயிற்றுக்கிழமை நான் கட்டியிருந்தது லுங்கி. அதில் ஏது பை? இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்குக் காத்திருக்கும் பையன் மாதிரி நின்று அளப்பது இன்றைக்கும் பழக்கம். காலில் ரப்பர் செருப்பு.

"பழைய வால்வு ரேடியோ ஒண்ணு வாங்கிப் பிரிச்சுப் பாரு, கத்துக்கலாம்" என்ற யோசனையும் பலர் சொல்வார்கள். பாதி நல்ல யோசனை. அந்தக் கால ரேடியோக்களில் ஏசி-டிசி செட் என்று ஒரு வகை உண்டு. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. வால்வுகளின் ஹீட்டர்களை, அதாவது உள்ளே சூடேற்றும் இழைகளை, வரிசையாகக் கோத்து நேரடியாக மெயின்ஸில் போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் இரும்புச் சேஸிஸ் மின்கம்பியின் ஒரு முனையோடு நேராக இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். வால்வுகளின் பெயர் 'யூ' என்று தொடங்கினால், யூஎல்84, யூசிஎச்81 என்று, அதைத் தொடாமல் மூடி வையுங்கள். அது பழகியவர்களின் வேலை.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆரம்பத்தில் என்னைச் சுற்றலில் விட்டது சர்க்யூட் இல்லை, பெயர்கள்தான். நாம் ஆங்கிலேயன் வழியில் வால்வு என்கிறோம். அமெரிக்கப் புத்தகத்தில் டியூப். அவர்கள் பிளேட் என்பது நமக்கு ஆனோடு. அதோடு விட்டால் பரவாயில்லை. ஒரே வால்வுக்கு அங்கே ஒரு பெயர், ஐரோப்பாவில் ஒரு பெயர். ஈசிசி83-ம் 12ஏஎக்ஸ்7-ம் ஒன்று. ஈஎல்84-ம் 6பிக்யூ5-ம் ஒன்று. இது தெரியாமல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் "ஈசிசி83 இருக்கு, 12ஏஎக்ஸ்7 இல்லை" என்று சொன்னவரிடம் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவன் நான்.

ஐரோப்பியப் பெயரைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி விவரம் அதிலேயே இருக்கிறது. நம் இனிஷியலில் அப்பா பெயர் இருப்பது மாதிரி. முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும்: ஈ என்றால் 6.3 வோல்ட். அடுத்தது உள்ளே இருப்பது என்ன என்று சொல்லும்: சி என்றால் டிரையோடு, அதாவது மூன்று மின்முனை உள்ளது; இரண்டு சி வந்தால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடு. எஃப் சின்ன சிக்னலுக்கான பென்டோடு (ஐந்து மின்முனை), எல் ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடு, இசட் ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையர். எண் 8-இல் தொடங்கினால் ஒன்பது பின் உள்ள சின்ன அடி. 3-இல் தொடங்கினால் எட்டு பின் உள்ள பெரிய அடி. இப்போது ஈஎல்34 என்ற பெயரைப் பாருங்கள். வால்வைப் பார்க்காமலே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடலாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குக் கிடைத்தவை பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வுகள். பெங்களூரில் அந்த நிறுவனம் 1961-இலிருந்து ரேடியோ வால்வுகள் செய்தது. பெட்டி மஞ்சள் பூத்துப்போயிருந்தாலும் கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தது. அந்தப் பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம், வாங்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது கடைக்காரர். இரண்டு வால்வு விற்க அரை மணி நேரம் பேசினார்.

சரி, வால்வு எப்படி வேலை செய்கிறது என்று புரிய வைக்க எது நல்லது? எனக்குக் கைகொடுத்தது ஒரு அமெரிக்கக் கடற்படைப் பாடம். நீட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்; எலக்ட்ரானிக்ஸைப் புதிதாகப் படையில் சேர்ந்த பையன்களுக்குக் கற்றுத்தர எழுதிய வரிசை. அதில் ஆறாவது பாகம் வால்வும் பவர் சப்ளையும். அரசாங்க வெளியீடு என்பதால் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளி முடித்து நேராகக் கப்பலுக்கு வந்தவனுக்கும் புரிய வேண்டும் என்று எழுதியதால் அதில் கொம்பு முளைத்த சொற்கள் இல்லை. நாலு பக்கத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கேள்வி கேட்கும். பதில் தெரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படிக்கத்தான் வேண்டும். படம் கொஞ்சம் அசட்டுத்தனமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதைப் படித்துவிட்டு எனக்கு நானே சொல்லிக்கொண்ட விளக்கம் இது. சூடான கேதோடிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, 250 வோல்ட்டில் இருக்கும் ஆனோடை நோக்கி வெற்றிடத்தில் ஓடுகின்றன. 1904-இல் ஃபிளெமிங் செய்த வால்வு இவ்வளவுதான். டி ஃபாரஸ்ட் 1906-இல் நடுவில் ஒரு கம்பி வலையைச் செருகினார். அதுதான் கிரிட். கால்வாயில் மதகுப் பலகை மாதிரி. ஒரு வித்தியாசம், மதகுப் பலகையைத் தூக்க முதுகு வளைய வேண்டும். கிரிட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. அது கேதோடைவிட நெகட்டிவாக இருக்கும்வரை அதற்குள் கரண்ட் ஏறக்குறைய போவதே இல்லை; வோல்ட்டேஜ் மாறினாலே போதும், பெரிய ஓட்டம் அடங்குகிறது, பெருகுகிறது.

இதோடு நிறுத்திவிட்டு அடுத்த புத்தகத்துக்குத் தாவாதீர்கள். நண்பரிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: ஒரே ஒரு வால்வின் டேட்டாஷீட்டை, அதாவது கம்பெனி தரும் விவரத்தாளை எடுங்கள். எட்டு பக்கம் இருக்கும். அதில் ஒரு பக்கத்தை மட்டும் பெரிதாகப் பிரின்ட் போடுங்கள். ஒரு ஸ்கேல், ஒரு பென்சில்.

ஈசிசி83-ஐ எடுத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தில் ஒரு வரைபடம். அடியில் ஆனோடு வோல்ட்டேஜ், பக்கவாட்டில் கரண்ட் மில்லிஆம்பியரில். காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி நிறைய வளைகோடுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு எண்: 0, -0.5, -1, -1.5, -2. அது கிரிட் வோல்ட்டேஜ்.

நம் சப்ளை 250 வோல்ட். ஆனோடுக்கு மேலே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடப்போகிறோம். வால்வில் கரண்டே ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரில் எதுவும் விழாது, ஆனோடில் முழு 250 வோல்ட்டும் இருக்கும். அடிக்கோட்டில் 250-இல் ஒரு புள்ளி. வால்வு முழுசாக ஷார்ட் ஆனது மாதிரி நினைத்துக்கொண்டால் ஆனோடில் பூஜ்யம், கரண்ட் 250-ஐ 100 கிலோ ஓமால் வகுத்தால் 2.5 மில்லிஆம்பியர். பக்கவாட்டுக் கோட்டில் 2.5-இல் இன்னொரு புள்ளி. இரண்டையும் ஸ்கேல் வைத்து இணையுங்கள். இதற்கு லோடு லைன் என்று பெயர். இந்த ரெசிஸ்டரோடு இந்த வால்வு வாழப்போகும் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரே கோட்டின் மேல்தான்.

இப்போது உங்கள் கோடு -1.5 என்ற வளைகோட்டை எங்கே வெட்டுகிறது பாருங்கள். கிட்டத்தட்ட 170 வோல்ட், 0.8 மில்லிஆம்பியர். பாட்டு வராதபோது வால்வு உட்கார்ந்திருக்கும் இடம் அது. கிரிட்டை -1 வரை உயர்த்தினால் ஆனோடு 140 பக்கம் இறங்குகிறது. -2 வரை தாழ்த்தினால் 200 பக்கம் ஏறுகிறது. கிரிட்டில் 1 வோல்ட் ஆடினால் ஆனோடில் ஏறக்குறைய 60 வோல்ட் ஆடுகிறது. அதுதான் பெருக்கம். அதுவும் தலைகீழாக, கிரிட் ஏறினால் ஆனோடு இறங்கும் என்பதும் கோட்டிலேயே தெரிகிறது.

அந்த -1.5 எங்கிருந்து வரும்? கேதோடுக்குக் கீழே ஒரு ரெசிஸ்டர் போட்டு, கேதோடைத் தரையைவிட 1.5 வோல்ட் தூக்கிவிட்டால் போதும். கிரிட் தரையில் இருக்கும். கேதோடின் பார்வையில் அது 1.5 தாழ்வு. 1.5-ஐ 0.8 மில்லிஆம்பியரால் வகுத்தால் 1.875 கிலோ ஓம். கடையில் கிடைப்பது 1.8. எடுத்துப் போட வேண்டியதுதான்.

இதை முதல்முறை வரைந்த ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிரின்ட் எடுத்த தாளில் சாம்பார் கறை. மூன்று மாதம் படித்த பாடத்தில் வராதது அந்த ஒரு கோட்டில் வந்தது. மறுவாரம் ஒரு பலகையில் அந்த ஒரு பாதி வால்வை மட்டும் கட்டி, முதுகுக்குப் பின்னால் கையை மடக்கிக்கொண்டு ஆனோடை அளந்தேன். 166 வோல்ட். பென்சில் சொன்னதற்கும் மீட்டர் சொன்னதற்கும் நாலு வோல்ட் வித்தியாசம். வால்வுகள் ஒன்றுக்கொன்று அதைவிட அதிகமாகவே வேறுபடும், அதனால் அது அதிர்ஷ்டமும்தான். ஆனாலும் அந்த 166-ஐப் பார்த்த சந்தோஷம், பிறகு பாட்டு கேட்டபோதுகூட எனக்கு வரவில்லை.

கம்ப்யூட்டரில் எல்டிஸ்பைஸ் மாதிரி மென்பொருள் இருக்கிறதே, அதில் வால்வு மாடல் போட்டால் ஒரு நொடியில் இதெல்லாம் வருமே என்று கேட்கலாம். வரும். நானும் பயன்படுத்துகிறேன். ஸ்கேலில் பத்து கோடு போட்ட பிறகு பயன்படுத்துங்கள் என்பதுதான் என் கட்சி. அதற்கு முன்னால் போட்டால் எண் வரும், எண்ணின் அர்த்தம் வராது.

முதல் ஆம்ப்ளிஃபையருக்கு எந்தச் சர்க்யூட்? ஸ்டீரியோவில் ஒரு பக்கத்துக்கு அரை ஈசிசி83-ம் ஒரு ஈஎல்84-ம் போதும். ஸ்பீக்கரை ஒரே வால்வு ஓட்டுவதால் இதைச் சிங்கிள் எண்டட் என்பார்கள். ஈஎல்84 டேட்டாஷீட்டிலேயே எல்லாம் தயாராக இருக்கிறது: ஆனோடு 250 வோல்ட், கிரிட் -7.3, ஆனோடு கரண்ட் 48 மில்லிஆம்பியர், ஸ்க்ரீன் (பென்டோடின் இரண்டாவது கிரிட்) கரண்ட் 5.5. ஸ்பீக்கருக்கு 5 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். ஹாலுக்குத் தாராளம். கேதோடு ரெசிஸ்டர் எவ்வளவு என்று டேட்டாஷீட்டைப் பார்க்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். 7.3-ஐ இரண்டு கரண்டும் சேர்ந்த 53.5 மில்லிஆம்பியரால் வகுத்தால் 136 ஓம். பிறகு டேட்டாஷீட்டைப் பாருங்கள்: 135 என்று இருக்கும். போனிலிருந்து வரும் சிக்னலுக்கு இந்தப் பெருக்கம் கொஞ்சம் அதிகம்தான். வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பவே வேண்டியிருக்காது.

கட்டும்போது நான் செய்த முதல் கோளாறு, சாக்கெட்டில் பின் எண்ணியது. படங்களில் சாக்கெட்டை அடியிலிருந்து பார்ப்பது மாதிரிதான் வரைவார்கள், ஏனென்றால் சால்டர் செய்வது அடியில்தானே. அடியிலிருந்து பார்த்துக் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். நான் மேலிருந்து பார்த்து எண்ணிக் குறித்துக்கொண்டு, அப்படியே அடியில் வயர் இழுத்துவிட்டேன். 1 இருக்க வேண்டிய இடத்தில் 9, 4 இருக்க வேண்டிய இடத்தில் 6. சுவிட்சைப் போட்டேன். ஈசிசி83 எரியவே இல்லை. ஹீட்டருக்குப் போக வேண்டிய வயரில் ஒன்று ஆனோடில் உட்கார்ந்திருந்தது. எரியாததும் நல்லதுக்குத்தான், எரிந்திருந்தால் மேலே என்ன ஆகியிருக்குமோ. அன்றிலிருந்து சாக்கெட்டின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் 1-க்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

இந்த இடத்தில் யாரும் பாடப்புத்தகமாக நினைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹீத்கிட் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி. உதிரி பாகங்களைப் பெட்டியில் போட்டு, வீட்டில் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று விற்றார்கள். பெட்டி இப்போது கிடைக்காவிட்டாலும் அவர்களுடைய கையேடுகளின் ஸ்கேன் கிடைக்கிறது. ஒவ்வொரு அடியும் ஒரு வரி; வரிக்கு முன்னால் டிக் போட ஒரு சின்ன அடைப்பு. இந்த வயரை இத்தனை அங்குலம் வெட்டு, இந்த முனையை இங்கே சுற்று, இப்போதைக்குச் சால்டர் வைக்காதே, இன்னும் இரண்டு வயர் அதே இடத்துக்கு வரவேண்டும். கணக்கு ஒரு வரி கிடையாது. ஆனால் எந்த வயர் முதலில், எது கடைசியில், எது தகட்டை ஒட்டிப் போக வேண்டும் என்ற கைப்பக்குவத்தை நான் அதில்தான் கற்றேன். தியரி புத்தகம் எழுதியவர்களில் பலருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றுவதில்லை. பாட்டி சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று இருக்குமே, அந்த மாதிரி விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்ப்ளிஃபையரில் பணமும் பாடமும் அதிகம் இங்கேதான். ஈஎல்84-க்கு 5000 ஓம் லோடு வேண்டும், ஸ்பீக்கர் 8 ஓம். 625 மடங்கு. சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், அதாவது 25-க்கு 1. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் விலையும் கப்பல் கூலியும் ஒன்றாக இருந்தது, இரும்பாச்சே. அதனால் நகரத்துச் சந்து ஒன்றில் ஸ்டெபிலைசருக்குக் காயில் சுற்றும் ஒரு பெரியவரிடம் போனேன். பிரைமரி (வால்வு பக்கம்) 2500 சுற்று, செகண்டரி (ஸ்பீக்கர் பக்கம்) 100, கம்பி இந்த கேஜ் என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நாளில் அழகாகச் சுற்றித் தந்தார்.

வீட்டில் மாட்டிக் கேட்டால் தபேலாவைக் காணோம். மேல்ஸ்தாயி இருக்கிறது, குரல் இருக்கிறது, அடி இல்லை. கொஞ்சம் சத்தம் கூட்டினால் குரலும் நசுங்குகிறது. இரண்டு நாள் வோல்ட்டேஜ்களை அளந்து பார்த்தேன், எல்லாம் சரி. மூன்றாம் நாள் டிரான்ஸ்ஃபார்மரைப் பையில் போட்டுக்கொண்டு பெரியவரிடமே போனேன்.

"ஐயா, இதுல எப்பவும் டிசி ஓடிக்கிட்டே இருக்கும். 48 மில்லிஆம்பியர்" என்றேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "டிசி ஓடுமா? அதை ஏன் தம்பி அன்னிக்கே சொல்லலை? சோக்கு மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேப் விட்டிருப்பேன்ல."

சாதாரண மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரில் ஈ வடிவத் தகடும் ஐ வடிவத் தகடும் மாறி மாறிக் கோத்து அடுக்குவார்கள். இடைவெளி இருக்காது. ஆனால் ஒரே திசையில் எப்போதும் கரண்ட் ஓடினால் அந்த இரும்பு ஒரே பக்கமாகக் காந்தமேறி நிரம்பிவிடும். பாட்டுக்கு இடம் இருக்காது, முதலில் போவது அடி ஸ்தாயி. அவர் என் முன்னாலேயே தகடுகளை எல்லாம் உருவினார். ஈ எல்லாவற்றையும் ஒரு பக்கம், ஐ எல்லாவற்றையும் மறு பக்கம். நடுவில் லெதராய்டு பேப்பரில் மெல்லிசாக ஒரு துண்டு வெட்டி வைத்து, இறுக்கிக் கட்டினார். இருபது நிமிட வேலை. காசு வாங்கவில்லை. "வார்னிஷ் போடுறதுக்கு முன்னாடி வந்தே, பொழைச்சே" என்றார்.

இது புத்தகத்தில் இல்லாத விஷயம் ஒன்றும் இல்லை. நான் படித்த பக்கத்திலேயே இருந்தது, அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். எழுதிக் கொடுத்த சீட்டில் மட்டும் விட்டுப்போனது. அன்று சாயங்காலம் தபேலா வந்தது. இன்னொன்று, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்ப்ளிஃபையரை ஓட்டிப் பார்க்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியில் வோல்ட்டேஜ் எகிறி உள்ளேயே பொறி பாயும். டிரான்சிஸ்டர் செட்டில் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஹம் சத்தத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு உதவியது காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் வயரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் ஹம் அதே 50. ஆழமாக, மெத்தென்று இருக்கும். ரெக்டிஃபையருக்குப் பிறகு வடிகட்டல் போதாமல் வரும் ஹம் 100; கொஞ்சம் கரகரப்பு. போனில் டோன் ஆப் ஒன்றைப் போட்டு 50-ஐயும் 100-ஐயும் மாற்றி மாற்றிக் கேட்டு, ஆம்ப்ளிஃபையர் பாடுவது எது என்று ஒப்பிட்டேன். 50 என்று தெரிந்தது. ஹீட்டர் வயர்களைப் பின்னல் மாதிரி இறுக்கி முறுக்கி, சேஸிஸ் மூலையோடு ஒட்டி ஓடவிட்டேன். ஹீட்டரின் இரண்டு முனைக்கும் தலா 100 ஓம் போட்டு நடுவைத் தரையில் இணைத்தேன். முக்கால்வாசி போய்விட்டது. மீதிக் கால்வாசி இரவு பதினோரு மணிக்கு மேல் ஃபேனை நிறுத்தினால்தான் கேட்கும். ஃபேனை நிறுத்துவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு புத்தகங்கள். மார்கன் ஜோன்ஸ் எழுதிய வால்வ் ஆம்ப்ளிஃபையர்ஸ், 1995-இல் முதலில் வந்தது, பல பதிப்பு கண்டது. இன்று உயிரோட்டமாக எழுதப்பட்ட ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவர் ஆசிலோஸ்கோப்பும் லேத் மெஷினும் எல்லார் வீட்டிலும் இருப்பது மாதிரி பேசுவார். அதற்கெல்லாம் மனசு தளராதீர்கள். அவருடைய இன்னொரு புத்தகம் கட்டுமானத்துக்கு மட்டும்: தகடு அறுப்பது, துளை போடுவது, வயரிங், சோதனை. என்னைக் கேட்டால் இரண்டாவதை முதலில் படிக்கலாம். ஆர்சிஏ ரிசீவிங் டியூப் மேனுவலின் ஏதாவது ஒரு பழைய பதிப்பும் மேஜையில் இருக்கட்டும். முன்பக்க அத்தியாயங்கள் தெளிவாக இருக்கும், நடுவில் வால்வு வால்வாக விவரம், கடைசியில் சர்க்யூட்கள். மூன்றும் ஒரே அட்டைக்குள் கிடைப்பது அபூர்வம். அப்புறம் 1947-இல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் வில்லியம்சன் எழுதிய ஆம்ப்ளிஃபையர் கட்டுரை. அதைக் கட்டச் சொல்லவில்லை, முதல் முயற்சியில் கட்டவே கட்டாதீர்கள். தான் வைத்த ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு மனிதன் எப்படிக் காரணம் சொல்கிறான் என்று பார்ப்பதற்காகப் படியுங்கள். சில பக்கம்தான்.

கிதார் ஆம்ப்ளிஃபையர் புத்தகங்கள் நண்பரின் பட்டியலில் ஐந்து இருந்தன. நல்லவைதான். ஆனால் கிதார்காரர்களுக்கு வால்வு திணறினால் சந்தோஷம். நமக்குத் திணறக் கூடாது. இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தால் குழம்பிப்போவீர்கள். வீடியோக்களைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமை. சால்டர் வைக்கும் கை எப்படி அசைகிறது என்று பார்க்க அதைவிட நல்லது இல்லை. மற்றபடி பெரும்பாலும் இருட்டில் வால்வு ஒளிர்வதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து ரேடியோட்ரான் ஹேண்ட்புக்கை மறுபடி திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து இல்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பகுதிக்கு நேராகப் போனேன். பெரியவர் வைத்த பேப்பர் துண்டு எத்தனை தடிமன் இருக்க வேண்டும் என்று தேடினேன், கிடைத்தது. அவர் கண்ணளவில் வெட்டியது கிட்டத்தட்டச் சரி.

போன ஞாயிறு நண்பர் வீட்டுக்கு வந்தார். பிடிஎஃப் எதையும் திறக்கவிடவில்லை. ஈசிசி83 வரைபடத்தைப் பெரிய தாளில் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். ஸ்கேலையும் பென்சிலையும் கொடுத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது கோடு போட்டு முடித்திருந்தார். வளைகோடுகளின் அடியை மட்டும் உரசிக்கொண்டு அடிமட்டத்தோடு படுத்துக் கிடந்தது. "250-ஐ 100 கேயால வகுத்தா எவ்வளவு?" என்றேன். வாய்க்குள் முணுமுணுத்தார். 2.5-இல் வைக்க வேண்டிய புள்ளியை 0.25-இல் வைத்திருந்தார்.

"அட" என்றார். "ரப்பர் இருக்கா?"